தூங்க வந்தவளை மேடையேற்றாதீர்கள்

கேள்வி: நானும் என் தோழியும் ராமநாதபுரத்தில் பள்ளி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணவரோடு மிஷனெரி ஊழியத்துக்குப் போய்விட்டாள். ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் பக்கம், ராஜ்மகால் மலையில் மால்டோ பேசுகிற ஜனங்கள் மத்தியில் 14 வருஷமாக இருக்கிறார்கள். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. போன மே மாதம் பிள்ளைகள் இரண்டு பேரோடும் எங்கள் வீட்டுக்குப் 10 நாள் ஓய்வுக்கு வந்தார்கள். முதல் மூன்று நாளும் தூக்கம்தான். நாலாம் நாள் என் மாமியாரும் சபை ஆட்களும் சேர்ந்து சாயங்காலக் கூட்டம் வைத்தார்கள். அவளைக் கேட்காமலே நானும் சரி என்றுவிட்டேன். ஊழிய அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தவளுக்கு நடுவில் ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை, இந்தி வார்த்தை வந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ, “தமிழே மறந்துபோச்சாக்கும்” என்று சிரித்தார்கள். ராத்திரி கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். இந்த மே மாதம் மறுபடி வருகிறேன் என்கிறாள். எந்தத் தேதியில் கூட்டம் வைக்கலாம் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் இப்போதே கேட்கிறார். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு ஓடாது. பிள்ளைகள் தங்களுக்குள் இந்திதான் பேசுகிறார்கள், மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. இவர்களை எப்படி வைத்துக்கொள்வது? போன வருஷத்துக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, “மறுபடி வருகிறேன் என்கிறாள்” என்ற வரியைத்தான். சிரிப்புக்கு ஆளான அதே ஊருக்கு, பிள்ளைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் ரயிலில் உட்கார்ந்து வரத் தயாராக இருக்கிறாள். அந்த முதல் மூன்று நாள் தூக்கம் அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மன்னிப்புக் கேளுங்கள். ஆனால் வந்து இறங்கியதும் கட்டிப்பிடித்து அழுது கேட்காதீர்கள். பயணக் களைப்போடு உங்களைத் தேற்றுகிற வேலையும் அவள் தலையில் விழும். இப்போதே போனில், வேறு பேச்சுக்கு நடுவில், “அன்னைக்கு உன்னைக் கேட்காம சரின்னு சொன்னது என் தப்புடீ” என்று சொல்லிவிடுங்கள். அவள் “சீ, விடு” என்பாள். நீங்களும் விட்டுவிடுங்கள்.

அவள் அங்கே எதனால் களைக்கிறாள் என்பதைக் கொஞ்சம் யோசிப்போம். மலையும் வெயிலும் நடையும் இருக்கவே இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு நாள் தூங்கி எழுந்தால் போதும். மற்றொரு களைப்பு வாயில் இருக்கிறது. கடைத்தெருவில் இந்தி, மலையில் மால்டோ, சந்தையில் சந்தாலியும் வங்காளமும். கருங்காய்ச்சலுக்கு (காலா அசார்) பேர்போன மாவட்டங்களில் ஒன்று சாகிப்கஞ்ச். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தாயிடம் “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்பதானாலும் முதலில் வார்த்தையைத் தேட வேண்டும், அதைச் சரியாக அடுக்க வேண்டும், புரிந்ததா என்று முகத்தைப் பார்க்க வேண்டும். 14 வருஷத்தில் அது பழகிப்போயிருக்கும். பழகிய சுமையும் சுமைதான், இறக்கி வைக்கும்போதுதான் தோள் வலி தெரியும்.

இத்தனைக்கும் மால்டோ நமக்கு அந்நிய மொழியில்லை. தமிழைப் போல அதுவும் திராவிடக் குடும்பம், வடக்கே தள்ளிப்போய் நிற்கிற ஒரு கிளை. கண்ணை அவர்கள் ஏறக்குறைய ‘கனு’ என்பார்கள். முதல்முறை அதைக் கேட்டபோது உங்கள் தோழி துள்ளிக் குதித்திருப்பாள். ஆனாலும் சித்தப்பா வீட்டில் எத்தனை நாள் காலை நீட்டிப் படுக்க முடியும்?

உங்கள் மாமியாருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க சவேரியாரைத் துணைக்கு அழையுங்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரைக்கு, மிஷனெரியாக வந்தவர் அவர். தமிழ் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஆகஸ்டில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் நோயில் படுத்துவிட்டார். தான் பேசுவது ஜனங்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசுவது தனக்குப் புரியவில்லை, என் பிழைப்பை நீரே நினைத்துப் பாரும் என்கிற தோரணையில் தோழர் மான்சிலாஸுக்கு ஒரு கடிதம் போட்டார். நம் கடற்கரைக்கு வந்த அந்தப் பெரிய மனிதரும் பேச்சுத்துணை இல்லாமல் தவித்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

என் கதையையும் ஒரு நிமிஷம் கேளுங்கள். கணவர் வேலையால் 6 வருஷம் நாக்பூரில் இருந்தேன். ஒருநாள் ரயில் நிலையத்தில் இரண்டு பெண்கள் ஒரு தூக்குவாளி மூடிக்காகத் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். “நீதான வச்ச?” “நான் எங்க வச்சேன், உன் பையில பாரு.” அவ்வளவுதான் பேச்சு. ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, அந்த மூடி கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு கேட்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நான் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தக் கால் மணி நேரம்தான் அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த விடுமுறை.

உங்கள் தோழிக்கு வேண்டியது இப்படிப்பட்ட தமிழ்தான். மீன்காரியிடம் பேரம் பேசுகிற தமிழ், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் என்கிற தமிழ், விடுதிச் சாம்பாரை இன்றைக்கும் திட்டுகிற தமிழ். பாதி வாக்கியத்தில் விட்டால் மீதியை நீங்கள் முடித்துவைப்பீர்களே, அது. கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்கிற தமிழ் வேறு. அதற்கு முன்யோசனை வேண்டும், அழுத்தம் திருத்தம் வேண்டும், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்ற கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். ஊழியத்தைத் தாங்குகிறவர்களின் காணிக்கையில் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு வேறு இருக்கும், அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றும். அது மலையில் செய்கிற வேலையின் மிச்சம், ஓய்வுக் கணக்கில் சேராது. வார்த்தை வராமல் போனதற்குச் சிரித்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஐயரிடம் போவோம். “தேதி அப்புறம் சொல்றேன் ஐயா” என்று இழுக்காதீர்கள், இழுத்தால் கூட்டம் நிச்சயம் நடந்துவிடும். முதலில் தோழிக்குப் போன் போட்டு, “கூட்டம் வைக்கச் சொல்றாங்க, நான் வேண்டாம்னு சொல்லிடவா?” என்று கேளுங்கள். “உனக்கு இஷ்டமா?” என்று கேட்டுவிடாதீர்கள். மிஷனெரி வீட்டுப் பெண்ணால் அதற்கு இல்லை என்று சொல்லவே முடியாது. பிறகு ஐயரிடம், இந்தத் தடவை அவர்கள் என் வீட்டு விருந்தாளிகள், ஆராதனைக்கு வந்தால் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லுங்கள். பழி உங்கள்மேல் இருக்கட்டும். அவர் வேதத்தைக் காட்டி வற்புறுத்தினால் நீங்களும் மாற்கு 6ஆம் அதிகாரத்தைக் காட்டலாம். ஊழியம் முடித்துத் திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, தனியிடத்துக்குப் போய் இளைப்பாறுவோம் என்று இயேசு அவர்களைப் படகில் அழைத்துப் போகிறார். கூட்டம் கரை வழியாக ஓடி அவர்களுக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கிறது! உங்கள் சபையும் அப்படித்தான் ஓடுகிறது, பாசத்தில்தான். கடைசி ஞாயிறன்று அவளாகவே பேசுகிறேன் என்றால் அது வேறு.

காசு விஷயம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மே மாதம் அதற்கு நட்டநடுவில் வருகிறது. நல்ல மீன் வாங்கிப் போட முடியவில்லையே என்று நீங்கள் மருகுவது புரிகிறது. தயவுசெய்து கடன் வாங்கி விருந்து வைக்காதீர்கள். அவர்கள் மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்கிறவர்கள், வஞ்சிரத் துண்டைப் பார்த்ததுமே விலையைக் கணக்குப் போட்டுவிடுவார்கள், தொண்டையில் இறங்காது. பழைய சோறும், சுட்ட கருவாடும், குண்டு மிளகாய் கிள்ளிப்போட்ட துவையலும் போதும். நாட்டுப்படகில் சூடையோ சாளையோ வந்தால் குழம்பு வையுங்கள், நுங்குக் காலம் வேறு. இன்னொரு லாபமும் இருக்கிறது. தடைக்காலத்தில் உங்கள் வீட்டுக்காரர் கரையில் இருப்பார். கிழிந்த வலையை விரித்துத் தைக்க உட்காரும்போது அவளுடைய கணவரையும் பக்கத்தில் உட்காரவிடுங்கள். ஆண்கள் நேருக்கு நேர் உட்கார்ந்தால் மனசு திறக்க மாட்டார்கள், கைக்கு ஒரு வேலை கொடுத்தால் தானாகப் பேச்சு வரும். வராவிட்டாலும் வலையாவது முடியும்.

உங்கள் பாடுகளையும் அவளிடம் சொல்லுங்கள். பெரிய தியாகம் செய்கிறவள், அவளிடம் போய் டீசல் கடனையும் மாமியார் சண்டையையும் சொல்வதா என்று தயங்காதீர்கள். எல்லோரும் அவளை ‘சிஸ்டர்’ என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள். பழைய அறைத்தோழியாக நடத்த அவளுக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

தனுஷ்கோடி, ஓரியூர் என்று வண்டி பிடித்துச் சுற்றிக்காட்டுகிற திட்டம் இருந்தால் தள்ளி வையுங்கள். அவர்கள் கேட்டால் ஒருநாள் போய் வரலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் மாமியாரோடு நான் முழுதாகச் சண்டை போடத் தயார். பெற்றவர்களுக்கு எது ஓய்வோ அதுவே அந்தப் பிள்ளைகளுக்கு வேலை, இதை யாரும் கவனிப்பதில்லை. அவர்கள் வளர்ந்தது இந்தியில், விளையாடியது மலைப்பிள்ளைகளோடு. தமிழ் அவர்களுக்கு அம்மாவின் மொழி, சாப்பாட்டு மொழி, திட்டு வாங்குகிற மொழி. உங்கள் வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் இருவர் முகமும் மலர்கிறது, பிள்ளைகள் இருவரும் ஊமையாகிறார்கள். “பாட்டிகிட்ட தமிழ்ல சொல்லு பார்ப்போம்” என்று நிற்கவைப்பது, அவர்களுடைய அம்மாவைக் கூட்டத்தில் நிற்கவைத்ததற்குச் சமம். தங்களுக்குள் இந்தி பேசட்டும், அது அவர்களுடைய திண்ணை. தெருப்பிள்ளைகளோடு இறக்கிவிட்டால் நண்டு பிடிக்க எந்த மொழியும் தேவைப்படாது. சாயங்காலம் திரும்பி வரும்போது அவர்கள் வாயில் நாலைந்து தமிழ் வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு கெட்ட வார்த்தையாக இருந்தால் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

குளிக்க மட்டும் தனியாக விடாதீர்கள். மே மாதம் கச்சான் காற்றில் தென்கடல் சும்மா இருக்காது. ஆண்கடல் என்று நீங்களே சொல்வீர்களே. வடக்கே பெண்கடல் பக்கம், பெரியவர் யாராவது கூட இருக்கும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் இறக்குங்கள்.