பதில்: போனில் சொன்னால் அம்மா நடக்க மாட்டேன் என்கிறார்

செங்கோட்டையில் தனியாக இருக்கும் அம்மாவிடம் தினமும் "நடந்தீங்களா?" என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறார் என்கிறீர்கள். வைக்கத்தான் செய்வார், அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது.

"எதுனாலம்மா போக முடியல?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முழங்கால் வலியா, தெருநாயா, சாரலில் வழுக்கிவிடும் என்ற பயமா என்பது அப்போதுதான் வெளியே வரும். அங்கே சாரல் பெய்யும் ஜூன், ஜூலையில் அந்தப் பயம் நியாயமானதுதான். அப்போது வீட்டுக்குள்ளேயே செய்யலாம்: சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது சமநிலை, தசைவலுப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழாமல் இருக்க அது உதவும்.

வாரம் 150 நிமிடமாவது நடக்கணும் என்ற கணக்கை இப்போதைக்குச் சொல்லவே வேண்டாம் (கேட்டாலே மலைத்துவிடுவார்). எவ்வளவு என்பதை அவரே சொல்லட்டும், 5 நிமிடமானாலும் சரி. அடுத்த முறை அதை மட்டும் விசாரியுங்கள்.

நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கணும்.

இந்தப் பேச்சு வாரம் ஒருநாள் போதும். மற்ற நாள் ஊர்க்கதை பேசுங்கள்.