ஒரு துண்டு எடுத்தாயிற்று, இன்னொன்று எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. தொண்டை நோவும் காய்ச்சலும் மாறி ஒன்றரைக் கிழமைக்குப் பின் இரண்டு கால்களிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் எழும்பின. விரலால் அழுத்தினாலும் மங்கவில்லை. ஐந்தாம் நாள் யாழ்ப்பாணத்தில் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டினோம். அவர் ஒரு துண்டு எடுத்துச் சோதித்து, சிறு குருதிக்கலன் அழற்சி என்றார். இப்போது, புதிய புள்ளி எழும்பினால் அன்றைக்கே வரவேண்டும், இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கு இன்னொரு துண்டு வேண்டும் என்கிறார். நோய் தெரிந்த பின்னும் ஏன் வெட்ட வேண்டும்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: சகோதரி, உங்கள் வைத்தியர் கேட்பது மிகச் சரியானது. முதல் துண்டை, இழையத்தைப் பதப்படுத்தும் போமலின் திரவத்தில் இட்டுச் சாயமூட்டிப் பார்த்தபோது, கலன்சுவருக்குள் வெண்குழியங்கள் புகுந்து சிதைந்திருப்பதும் செங்குழியங்கள் வெளியே கசிந்திருப்பதும் தெரிந்திருக்கும். அழற்சி உண்டு என்பதற்கு அது போதும். அதை மூட்டியது எது என்பதை அந்தச் சாயம் சொல்லாது.

அதற்குத்தான் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனை. இரண்டாவது துண்டை உறையவைத்து மெல்லிய சீவல்களாக்கி, ஒளிரும் சாயம் பூட்டிய பிறபொருளெதிரிகளை அவற்றின்மேல் இடுவார்கள். நோயாளியின் சொந்தப் பிறபொருளெதிரி வகைகளான ஐஜிஏ, ஐஜிஜி, ஐஜிஎம், நோயெதிர்ப்புப் புரதமான சி3 என ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீவலில் தேடுவார்கள். தேடிய பொருள் கலன்சுவரில் படிந்திருந்தால், இருட்டறையில் நுணுக்குக்காட்டியின் கீழ் அவ்விடம் பச்சை மணிகளாக ஒளிரும். ஐஜிஏ மேலோங்கித் தெரிந்தால், முன்பு ஹெனொக்–ஷொன்லைன் என்றும் 2012ஆம் ஆண்டு வகைப்பாட்டின் பின் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் (ஐஜிஏ குருதிக்கலன் அழற்சி) என்றும் அழைக்கப்படும் நோயை முதலில் நினைப்போம். அது சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது, வளர்ந்தவர்களில் அந்த ஆபத்து சிறுவர்களைவிடக் கூடுதல். ஐஜிஜி, ஐஜிஎம் படிந்திருந்தால் ஹெப்படைட்டிஸ் சி என்ற ஈரல் தொற்று, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்றவற்றைத் தேடுவோம்.

ஆனால் இந்தப் படிவுகள் நிலைத்திருப்பவை அல்ல. உடலே அவற்றை விரைவில் அகற்றிவிடுவதால், 24 மணித்தியாலத்துக்குள் எழும்பிய புள்ளியே மிகச் சிறந்தது. 48 மணித்தியாலத்தைத் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். ஐந்து நாளான புள்ளியில் எதுவும் ஒளிராவிட்டால், நோய் இல்லையென்று எவரும் முடிவுகட்டக்கூடாது. ஆகவே புதிய புள்ளி தென்பட்டதும் பேனையால் அதைச் சுற்றி வட்டமிட்டு, திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள். துண்டெடுப்பவருக்கு அந்த வட்டம் பெரிய உதவி.

இத்துண்டு போமலினில் விழக்கூடாது என்பதையும் நினைவூட்டத் தயங்காதீர்கள். நான் பார்த்த ஒரு நோயாளியின் துண்டு, பழக்கதோஷத்தில் போமலின் போத்தலுக்குள் போய்விட்டது. அவர் மறுபடியும் ஊசி போட்டுக்கொண்டு படுக்க நேர்ந்தது இன்றும் எனக்கு வருத்தம். இச்சோதனைக்கான துண்டைக் காத்துவைக்கும் மிஷெல் கரைசலில் இட்டால் சில நாள் தாங்கும். தூர ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதென்றால் அதுவே நல்லது. காயம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்தான், ஓரிரு தையலோடு முடியும்.

ஐஜிஏ ஒளிர்வது மட்டுமே தீர்ப்பு அல்ல. வேறு சில நிலைகளிலும் அது தென்படும். அதனால் சிறுநீர்ச் சோதனையும் குருதியமுக்கமும், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் குருதிச் சோதனையான கிரியற்றினினும் இதே கிழமையில் பார்க்கப்பட வேண்டும். புள்ளிகள் மறைந்த பின்னும் சில மாதங்களுக்குச் சிறுநீரைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். சிறுநீர் தேநீர் நிறமாகப் போனாலோ, கடும் வயிற்றுநோவு வந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, புதிய புள்ளிக்காகக் காத்திராமல் அன்றே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.