வளைவில் மட்டும் கேட்கும் சத்தம்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு ஞாயிறு மாலை ஒதுக்குகிறேன் என்று சொல்லியிருந்தேன். விஷயம் ஒன்றே ஒன்று: நேராகப் போகும்போது சாதுவாக இருந்துவிட்டு, திரும்பினால் மட்டும் வாய் திறக்கிற வண்டி. வொர்க்‌ஷாப்பில் 22 வருஷம் இருந்தவன் நான். இப்போது கை கறுப்பாவது என் சொந்த வண்டிக்காக மட்டும்தான். 2001 மாஸ்டா எம்எக்ஸ்-5. 2011, 2021 என்று இரண்டு முறை சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தது.

"நாய்ஸ் வருது அண்ணே" என்று மட்டும் எழுதாதீர்கள். பள்ளியில் இரட்டைக்கிளவி படித்தோமே, அதற்கு இன்றைக்குத்தான் வேலை. கடகடவா, நறநறவா, கிறீச்சா, ஊஊ என்ற உறுமலா? எந்த வேகத்தில்? எந்தப் பக்கம் திரும்பும்போது? ஆக்சிலரேட்டரை மிதித்து எண்ணெய் கொடுக்கும்போதா, காலை எடுத்த பிறகா? இன்னொன்று, எழுதுவதற்கு முன் வீல் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கே (பொங்கோல்): அண்ணே, என்னுடையதும் எம்எக்ஸ்-5, 2002. தீவு விரைவுச்சாலையிலிருந்து இடப்பக்கம் இறங்கும் வளையத்தில், 60 கிலோமீட்டர் வேகத்தில் "ஊஊஊ" என்று ஒரு முனகல். வலப்பக்கம் திரும்பினால் அடங்கிவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலும் போகவில்லை.

ப: கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். நியூட்ரலிலும் கேட்கிறது என்றால் எஞ்சின் இல்லை. வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். வலப்பக்கம் திரும்பினால் அந்தச் சுமை இறங்கிவிடும், முனகலும் அடங்கும். ஆக, வலப்பக்க வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுற்ற உதவும் வளையம்) மேல்தான் என் முதல் சந்தேகம். நம் ஊரில் விரைவுச்சாலை வளையங்கள் பெரும்பாலும் இடப்பக்கம் சுற்றுபவை, அதனால் வலப்பக்க பேரிங்கின் குரல்தான் முதலில் காதில் விழும்.

ஆனால் உடனே பேரிங் வாங்கப் போகாதீர்கள். மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரும் இதே ராகம்தான் பாடும். புதிதாகத் தார் போட்ட சாலையில் ஓட்டிப் பாருங்கள். சுருதி மாறினால் டயர், எந்தச் சாலையிலும் ஒரே சுருதி என்றால் பேரிங். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் தெரியும், சத்தம் டயரோடு இடம் மாறும்.

அடுத்தது என் பழைய முதலாளி சொல்லிக் கொடுத்த வித்தை. வண்டியை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வையுங்கள். பின்சக்கரம் என்றால் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கைப்பிரேக்கை விடுங்கள். ஒரு கையால் சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் செத்த மாதிரி இருக்கும். போன பேரிங் என்றால் உள்ளங்கையில் அம்மியில் மிளகு அரைபடுகிற மாதிரி ஒரு நெருநெருப்பு. காதுக்கு எட்டாததைக்கூட அந்த ஸ்பிரிங் சொல்லிவிடும். நான்கு சக்கரத்தையும் பாருங்கள். நல்லது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தால்தான் கெட்டது தெரியும்.

ஜாக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம்.

கே (செங்காங்): வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி கார்நிறுத்துமிடத்தில் திரும்பும்போது மட்டும் "கிறீச்" என்கிறது.

ப: தரைக்கு அடித்திருக்கும் பெயிண்ட்டில் டயர் வழுக்குகிற சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியும் அதே இடத்தில் கத்தும், நின்று கேளுங்கள்.

கே (உட்லண்ட்ஸ்): சார், இன்டெக்ரா டைப் ஆர், 2003. யூ திருப்பத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து எண்ணெய் கொடுத்தால் "டிக் டிக் டிக்". காலை எடுத்தால் நிற்கிறது.

ப: முன்சக்கரம் இழுக்கிற வண்டி, முழு ஒடிப்பு, எண்ணெய் கொடுக்கும்போது மட்டும். சக்கரத்தைச் சுற்றுகிற தண்டு, அதாவது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட் (சக்கரம் ஒடிந்தாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு). சக்கரத்தின் உள்விளிம்பில் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும், பாருங்கள். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போயிருக்கும். டிக் டிக் கேட்க ஆரம்பித்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண், ஜாயின்ட்டே போக வேண்டியதுதான்.

கே (அங் மோ கியோ): திரும்பும்போது சத்தம் வருது. என்ன பிரச்சினை?

ப: மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கே (காக்கி புக்கிட்): நிசான் சில்வியா எஸ்15. தட்டு வகை எல்எஸ்டி (இரண்டு பின்சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) போட்டிருக்கிறது. போன மாதம் டிஃபரன்ஷியல் எண்ணெய் மாற்றினோம். அதிலிருந்து மெதுவாக ஒடித்துத் திரும்பினால் பின்னால் "கடகடகட" என்று உடைகிற மாதிரி.

ப: உடையவில்லை. திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எல்எஸ்டி-யின் தட்டுகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பதால், பிடித்து விட்டு, பிடித்து விட்டுத்தான் போகும். அதுதான் கடகட. எண்ணெய் மாற்றிய பிறகு அதிகமாயிற்று என்றால், ஊற்றிய எண்ணெயில் எல்எஸ்டி-க்கான உராய்வுக் கலவை இருக்காது. சரியான எண்ணெய் ஊற்றி, காலி இடத்தில் மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை 8 போடுங்கள், தட்டுகளுக்குள் எண்ணெய் போகும். சிங்கப்பூரில் காலி இடம் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். டோர்சன் வகை எல்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு: உங்களுடையது பல்சக்கரத்தால் ஆனது, தட்டுகள் கிடையாது. உங்களுக்குக் கடகட கேட்டால் காரணம் வேறு.

கே (தோ பாயோ): அண்ணே, பொங்கோல்காரருக்குத் தப்பாகச் சொல்லிவிட்டீர்கள். என் மாமா முப்பது வருஷம் மெக்கானிக். இடப்பக்கம் திரும்பினால் சத்தம் வந்தால் இடது பேரிங்தான் என்கிறார்.

ப: மாமாவுக்கு என் வணக்கம். ஆனால் இடப்பக்கம் திரும்பும்போது இடது சக்கரத்தில் சுமை குறைகிறது. சுமை இறங்கினால் போன பேரிங் பெரும்பாலும் மூச்சு விடும், முனகாது.

கே (பீஷான்): நானும் அப்படி நினைத்து வலது பேரிங் மாற்றினேன், சத்தம் போகவில்லை. மாமா சொல்வதுதான் சரி.

ப: வலது முன்பக்கமா, பின்பக்கமா? அதைச் சொல்லாமல் மாமா பக்கம் சேராதீர்கள். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். என் வண்டியில் வலது முன்பக்கம்தான் என்று சத்தியம் செய்யாத குறை. ஹப்பைக் கழற்றிப் புதியது போட்டு, ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஏறினால் அதே முனகல். கடைசியில் வலது பின்பக்கம். எம்எக்ஸ்-5-இல் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே பின்சக்கரம். அந்தச் சத்தம் தரைத்தகடு வழியாக எங்கெங்கோ ஓடிக் கால்மாட்டில் வந்து கேட்கும். பக்கத்தை வளைவு சொல்லும், முன்னா பின்னா என்று அது சொல்லாது. அதனால்தான் ஸ்பிரிங்கைப் பிடிக்கச் சொன்னேன்.

கே (ஜூரோங்): மையவிலக்கு விசை என்று ஒன்று உண்மையில் கிடையாது. அடிப்படையே தவறு.

ப: நான் அந்தச் சொல்லையே பயன்படுத்தவில்லை ஐயா. எடை வெளிப்பக்கம் சாய்கிறது என்றேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

கே (தோ பாயோ): மாமா பக்கத்திலேயே இருக்கிறார். 80-களில் அவர் பார்த்த வண்டிகளில் திரும்புகிற பக்கம்தான் சத்தம் வந்ததாம். "உன் ஆளைக் கேள்" என்கிறார்.

ப: இப்போதுதான் புரிகிறது. மாமா பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் கூம்பு உருளை பேரிங். நட்டை முடுக்கி இடைவெளியை நாமே சரி செய்ய வேண்டும். தளர்ந்துவிட்டால், சுமை இறங்கிய பக்கத்துச் சக்கரம் லூசாகத் தள்ளாடி பிரேக் பேடை உரசும். அப்போது உள்பக்கத்தில் உரசல் சத்தம் கேட்கும். அது "சர்க் சர்க்" என்று விட்டு விட்டு வரும், பிரேக்கை லேசாகத் தொட்டால் மாறும். பொங்கோல்காரர் கேட்டது விடாத ஊஊ. இரண்டும் வேறு நோய். மாமாவிடம் கேளுங்கள்: அன்றைக்குக் கேட்டது ஊஊவா, சர்க் சர்க்கா?

கே (பிடோக்): டொயோட்டா எம்ஆர்2, 1995. வளைவுக்குள் நுழையும்போது ஒரு "டொக்", வெளியே வரும்போது ஒரு "டொக்". நடுவில் அமைதி.

ப: சாயும்போது ஒன்று, நிமிரும்போது ஒன்று. எங்கோ லூசாக இருப்பது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் இடிக்கிறது. ஆன்டி ரோல் பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்கில் ஆரம்பியுங்கள், விலையும் குறைவு. இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு அதே வளைவில் மெதுவாகப் போங்கள். டொக் காணாமல் போனால் அதுதான். போகவில்லையென்றால் சஸ்பென்ஷனின் கீழ்க்கை புஷ், பால் ஜாயின்ட். வீல் நட்டு பார்த்தீர்களா? என் எம்எக்ஸ்-5-க்கு இறுக்கம் 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். உங்களுடையதற்குக் கையேட்டில் இருக்கும். சக்கரம் கழற்றி மாட்டினால் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்க வேண்டும்.

கே (ஈசூன்): பழைய அப்பர் தாம்சன் ரோடு வளைவுகளில் கொஞ்சம் வேகமாகப் போனால் எஞ்சினில் தையல் மெஷின் மாதிரி "டகடகடக". ஒருமுறை எண்ணெய் விளக்கு மின்னி மறைந்தது. இதுவும் பேரிங்கா?

ப: வண்டியை எடுக்காதீர்கள். முதலில் எண்ணெய் அளவுகோலைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும், உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும், எஞ்சினுக்குள் உலோகம் உலோகத்தில் உரசும். இன்றைய கேள்விகளில் காசை விழுங்கக்கூடியது இது ஒன்றுதான். அளவு சரியாக இருந்தால், கேஜ் வைத்து அழுத்தம் பார்க்கும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்புறம், அந்தச் சாலையில் கிராண்ட் பிரி நடந்தது 1961 முதல் 1973 வரை. இப்போது அங்கே குரங்குகள் சாலை கடக்கின்றன.

கே (தெம்பனீஸ்): திரும்பினால் சத்தம். வீல் பேரிங்காக இருக்குமா?

ப: என்ன சத்தம், எந்தப் பக்கம், எந்த வேகம்? எத்தனை முறை கேட்பது? வீல் நட்டு!

கே (புக்கிட் பாத்தோக்): இன்னொரு முறை சிஓஇ புதுப்பிப்பது லாபமா?

ப: என் துறை இல்லை. பத்து வயது தாண்டிய காருக்கு வருஷா வருஷம் சோதனை, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை கூடுதல். லாபம் பார்ப்பவர் இந்த வண்டி வைத்திருக்க மாட்டார்.

கே (சிராங்கூன்): எம்எக்ஸ்-5, 1999. இடப்பக்கம் திரும்பினால் பின்னால் "டொர்ர்ர்... டக்". வலப்பக்கம் திரும்பினாலும் அதே. இரண்டு வொர்க்‌ஷாப் பார்த்துவிட்டது, புஷ் எல்லாம் மாற்றியாயிற்று.

ப: பின்பெட்டியில் ஸ்பேர் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். என் வண்டிக்கு வாங்கிய புதிதில் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கியது போக மிச்சம் ஒரு எலுமிச்சம்பழம் பின்பெட்டிக்குள் போய்விட்டது. மாதக்கணக்கில் காய்ந்து கோலிக்குண்டு மாதிரி ஆகி, வளைவுக்கு வளைவு உருண்டுகொண்டிருந்தது. அதற்காக நான் இரண்டு ஷாக் அப்சார்பர் மாற்றினேன்.

கே (சிராங்கூன்): அண்ணே, எலுமிச்சை இல்லை. வீல் நட்டு ஒன்று, தனியாகக் கிடந்தது.

ப: அப்படியென்றால் சக்கரத்தில் எத்தனை இருக்கிறது? இப்போதே இறங்கி எண்ணுங்கள்.

கே (தோ பாயோ): மாமா சொல்கிறார், "சர்க் சர்க்"தானாம். ஆனாலும் உங்கள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வாராம்.

ப: அழைத்து வாருங்கள். சாவி தருகிறேன், பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன்.