இருவராகக் கிளம்பும்போது: கடலூர், புதுச்சேரிப் பயணம் பற்றிய கேள்வி பதில்

நானும் எங்கள் வீட்டுக்காரரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். கல்யாணமாகி 26 வருடம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த நான்கைந்து வருடம் தவிர, மாதத்தில் ஒரு ஞாயிறாவது இருவரும் எங்கேயாவது கிளம்பிவிடுவோம். பெரும்பாலும் பஸ், சில சமயம் ஸ்கூட்டர். இந்தப் பக்கத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி (நெய்வேலி): அக்கா, எங்களுக்குக் கல்யாணமாகி மூணு மாசம் ஆகுது. ரெண்டு நாள் லீவு கிடைச்சிருக்கு. பாண்டிச்சேரி, ஆரோவில், பிச்சாவரம், சிதம்பரம், வடலூர் அஞ்சையும் பார்த்துடணும். எப்படிப் பிரிக்கிறது?

அஞ்சையும் பார்க்க வேண்டாம் தங்கச்சி. ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெற்கே போனால் பிச்சாவரமும் சிதம்பரமும். வடக்கே போனால் புதுச்சேரி மட்டும். இரண்டு நாளில் ஐந்து ஊர் என்றால் பாதிப் பகல் பஸ்ஸிலேயே போகும். திரும்பி வந்தபிறகு எந்த ஊரில் என்ன சாப்பிட்டோம் என்பதுகூட நினைவில் நிற்காது.

தெற்கே போவதானால் வரிசை முக்கியம். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர். முதல் நாள் காலை படகுத்துறை திறக்கும்போதே அங்கே இருங்கள். மதியம் சிதம்பரம் வந்து சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் கோயிலுக்குள் போங்கள். நாங்கள் முதல் தடவை இதைத் தலைகீழாகச் செய்தோம். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியாகிவிட்டது. கல் தரை கொதிக்கிறது, கையில் செருப்பு, இரண்டு பேருக்கும் பசி. "நீங்கதான் சீக்கிரம் கிளம்பலை", "நீதான் பூ கட்டிக்கிட்டு நின்ன" என்று கீழ வீதியில் நின்று சண்டை போட்டோம். இப்போதெல்லாம் சிதம்பரம் என்றால் எங்களுக்குச் சாயங்காலம்தான். கோபுர வாசல் சுவர்களில் பரதம் சொல்லும் 108 கரணங்களையும் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். மாலை வெயில் சாய்ந்து விழும்போது அந்தக் கைகால்களின் வளைவு எடுப்பாகத் தெரியும். ஆளுக்கு ஒரு கரணம் தேர்ந்தெடுத்துக் காட்டிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதிலேயே அரைமணி போய்விடும்.

கேள்வி (விருத்தாசலம்): பிச்சாவரத்துல துடுப்புப் படகா, மோட்டார் படகா? மோட்டார்னா சீக்கிரம் நிறைய பார்க்கலாம்னு சொல்றாங்களே?

துடுப்புப் படகுதான். மோட்டார் அகலமான கால்வாயில் வேகமாகப் போய்த் திரும்பிவிடும். பிச்சாவரத்தின் உயிரே குறுகலான கிளைக் கால்வாய்களில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மரங்கள் தலைக்கு மேல் கூரை போட்டிருக்கும். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தமும் கொக்கு எழும்பிப் பறக்கும் சத்தமும் மட்டும் கேட்கும். இன்ஜின் ஓடினால் அது கிடைக்காது.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில் கிடக்கும் காடு இது. ஆற்று நீரும் கடல் உப்பும் கலக்கும் இடம். அந்த உப்புச் சேற்றில் மரம் எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள். சுரபுன்னை மரம் தண்டிலிருந்து வில் மாதிரி வேர்களை இறக்கி ஊன்றி நிற்கும். வெண்கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் அதன் மூக்கு. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரித் தொங்கி, அப்புறம்தான் கீழே விழும். படகுக்காரரைக் கேட்டால் காட்டுவார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த தில்லை மரமும் இந்த அலையாத்திக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய கெடுதல். அதனால் போகிற போக்கில் கிளையை ஒடிக்காதீர்கள். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவாக இருந்தது. இங்கே ஒரு கிளையை ஒடிப்பதைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். அதற்கு அதுதான் காரணம்.

தொப்பி, தண்ணீர், முழுக்கை சட்டை. பத்து மணிக்கு மேல் வெயிலோடு தண்ணீரின் பளபளப்பும் சேர்ந்து கண்ணைக் கூசவைத்துவிடும்.

கேள்வி (சேலம்): மேடம், பாண்டியில் பிரெஞ்சு சாப்பாடு சாப்பிட்டே ஆகணுமா? என் மனைவிக்கு அதில் ஆசை, எனக்கு இல்லை.

ஒரு காலை மட்டும் அவர் ஆசைப்படி ரொட்டிக்கடை, காபி என்று வைத்துக்கொள்ளுங்கள் சார். பிரெஞ்சு ரொட்டி இந்த ஊருக்கு வெளியாள் இல்லை. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அதைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

ஆனால் புதுச்சேரிச் சாப்பாட்டின் ரகசியம் வடகத்தில் இருக்கிறது. நம் வீட்டுத் தாளிப்பு வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் "வதூவான்" என்று தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். பகலில் காய்ந்ததை மாலையில் உடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி உருட்டுவார்கள். இப்படிப் பல நாள். அந்த உருண்டையில் ஒரு துண்டு கிள்ளி எண்ணெயில் போட்டு மீன் குழம்பைத் தாளித்தால் தெருவே மணக்கும். எங்கள் மாமியார் கடைசி வரை கடையில் வாங்க விட்டதில்லை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும். மோந்து பார்த்து வாங்குங்கள்: வெங்காய வாசனை வர வேண்டும், சிக்கு வாசனை வரக் கூடாது.

மதியத்துக்கு உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் மெஸ் எதுவோ அங்கே போங்கள். சுறாப் புட்டு, நெத்திலி வறுவல், இறால் தொக்கு. உங்களுக்கும் திருப்தி, அவருக்கும் திருப்தி.

கேள்வி (ஈரோடு): மே மாசம் வர்றோம். கடலூர் துறைமுகத்துல புது மீன் வாங்கிச் சமைக்கணும்னு ஆசை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்ன ஃபைபர் படகில் கரையோரம் பிடித்து வருவதுதான் புது மீன். அளவு குறைவு, விலை ஏறும். மற்றதெல்லாம் ஐஸ் மீன். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். அன்று காலை எது வந்ததோ அதை வாங்குங்கள். மடவை கிடைத்தால் விடாதீர்கள். மீனுக்காகவே வருவதானால் தை, மாசியில் வாருங்கள்.

மே மாதத்துக்கு இந்த மாவட்டம் வேறொன்று வைத்திருக்கிறது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): பண்ருட்டியில் பலாப்பழம் தவிர பார்க்க என்ன இருக்கு? ஒரு நாள் ஒதுக்கலாமா?

பலாவுக்கே ஒரு நாள் ஒதுக்கலாம். சித்திரையிலிருந்து ஆனி வரை மண்டிகளில் பழம் மலை மாதிரிக் குவிந்திருக்கும். ஏலம் விடுகிறவர் தட்டிப் பார்த்தே உள்ளே எப்படி என்று சொல்வார். பழுத்தது "பொத் பொத்" என்று மந்தமாகக் கேட்கும். காயாக இருந்தால் கெட்டியாக ஒலிக்கும். முழுப் பழம் தூக்க முடியாவிட்டால் சாலையோரத்தில் சுளை எடுத்துத் தருவார்கள். கொட்டையை வீசிவிட்டுப் போய்விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு வைக்காத வீடு கிடையாது. கருவாடு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அதே செம்மண்ணில்தான் முந்திரியும். பங்குனி, சித்திரையில் முந்திரிக் கொல்லைப் பக்கம் போனால் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் தொங்கும். உப்புத் தொட்டுச் சாப்பிடுங்கள், இல்லையென்றால் தொண்டை கரகரக்கும். பச்சைக் கொட்டையை மட்டும் பல்லால் கடிக்காதீர்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் உதட்டைப் புண்ணாக்கிவிடும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்தக் கொல்லைகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. பிள்ளை மாதிரி வளர்த்த பலா மரம் வேரோடு கிடந்ததைப் பார்த்து ஒரு பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்று நீங்கள் பார்க்கும் இளமரங்கள் பல அதற்குப் பிறகு வைத்தவை. அதனால் அங்கே போனால் பேரம் அதிகம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (திண்டிவனம்): அக்கா, எங்க வீட்டுக்காரர் கடற்கரையைக் கண்டா உட்கார்ந்துடுவார், நகரவே மாட்டார். எனக்குத் தெருத்தெருவா நடக்கணும். ஒவ்வொரு பயணமும் மனஸ்தாபத்துல முடியுது.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் தங்கச்சி, ஆனால் நடக்கிறவர் அவர். நாங்கள் கண்ட வழி: விடியல் ஒருவருக்கு, சாயங்காலம் இன்னொருவருக்கு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து காலை வரை வண்டிகளை விடுவதில்லை. விடிய ஐந்தரைக்குக் காந்தி சிலைப் பக்கம் அவரை உட்காரவைத்து நீங்களும் கூட உட்காருங்கள். அந்த நேரம் முழுக்க அவருடையது. "போலாமா" என்று கேட்கவே கூடாது.

மாலை உங்களுடையது. எல்லோரும் ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர் வீடுகளில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். திண்ணையும் மரத்தூண் வைத்த தாழ்வாரமுமாக வைசியாள் வீதி. தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் இஸ்லாமியர் வீடுகளின் அழகு வேறு மாதிரி. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில்தான் அவர் இருந்தார். அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் வீட்டுக்காரர் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கிருந்து பெருமாள் கோயில் வீதிக்கு நடந்தால் பாரதிதாசன் வீடு.

கேள்வி (திருச்சி): அரிக்கமேடு போகலாமா? ரோமானியர் காலத்து ஊர்னு படிச்சேன்.

போகலாம், ஆனால் முதலில் புதுச்சேரி அருங்காட்சியகம் போய்விட்டுப் போங்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த மது ஜாடித் துண்டுகள், மணிகள் எல்லாம் எதற்குச் சாட்சி என்று அங்கே பார்த்தால்தான் விளங்கும். மேட்டில் இன்று இருப்பது தோப்பும் பிற்காலத்து இடிந்த சுவர்களும் ஆறும்தான். தெரியாமல் போனவருக்கு ஏமாற்றம். தெரிந்து போனால், இத்தாலியிலிருந்து சரக்கு வந்து இறங்கிய துறையில் நிற்கிறோம் என்று மயிர்க்கூச்செறியும்.

கேள்வி (பெண்ணாடம்): கையில காசு கம்மி. மனைவிக்குப் பெருசா ஒண்ணும் செய்ய முடியல. ஒரு நாள் எங்க கூட்டிட்டுப் போகலாம்?

வடலூருக்குக் கூட்டிப் போங்கள் தம்பி. 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்றுவரை அணையாமல் எரிகிறது. யார், என்ன என்று கேட்காமல் இலை போடுவார்கள். இருவரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிறகு ஞானசபையின் வெளியில் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். முடிந்தால் ஒரு கிலோ அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாங்கள் கஷ்டத்தில் இருந்த இரண்டு வருடம் எங்கள் கல்யாண நாளெல்லாம் அங்கேதான். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை.

கேள்வி (செஞ்சி): தேவனாம்பட்டினம் கடலில் குளிக்கலாமா?

கால் நனைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். இந்தக் கரையில் உள்ளிழுப்பு கண்ணுக்குத் தெரியாது. புதுச்சேரி காந்தி சிலைப் பக்கம் பாறை, இறங்கவே கூடாது. குடித்துவிட்டு எங்கேயும் கடலுக்குள் போகாதீர்கள்.

கேள்வி (சென்னை): அம்மா அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிஞ்சிருக்கு. ரெண்டு பேருக்கும் முட்டி வலி. அமைதியா எங்க அனுப்பலாம்?

கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில். முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் என்றால் அங்கே கல்யாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும், நிற்க இடம் இருக்காது. எதிரே ஔஷதகிரியில் ஹயக்ரீவர். முட்டி வலி என்றால் படியேற வேண்டாம், அடிவாரத்திலிருந்தே கும்பிடலாம். பிரார்த்தனையாகச் சேஷ தீர்த்தத்தில் உப்பு, மிளகு, வெல்லம் போடுவது வழக்கம். மாலையில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர். ரயிலில் வருவதானால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கச் சொல்லுங்கள். கடலூர் துறைமுகம் சந்திப்பு முதுநகரில் இருக்கிறது, பலர் அங்கே இறங்கி அல்லாடுகிறார்கள்.

கேள்வி (கும்பகோணம்): திருவிழாவோட சேர்த்து வரணும்னா எந்த மாசம்?

மாசி மகம். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். கிள்ளையில் இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்வதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உட்பட சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் வந்துசேரும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழையும் புயலும் எங்களுக்கு அந்த மாதங்களில்தான்.

கேள்வி (பண்ருட்டி): அக்கா, நீங்க ரெண்டு பேரும் அடுத்து எங்க கிளம்புறீங்க?

பௌர்ணமிக்கு முந்தின நாள் தேவனாம்பட்டினம், வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அன்று மேற்கே சூரியன் மறைவதற்குள் கிழக்கே கடலிலிருந்து நிலா ஏறிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அவித்த மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) ஃபிளாஸ்க்கில் சுக்கு காபியும் எடுத்துக்கொண்டு ஐந்தரைக்குள் போய்விடுவோம்.