இருபது டாலரும் பழைய சாமான்களும்

அன்புள்ள ஐயா,

துரைப்பாக்கத்தில் மூன்று ஆண்டுகளாக நிரலாளராக இருக்கிறேன். நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றுக்கு என் கையிலிருந்து மாதம் இருபது டாலர் கட்டுகிறேன். சம்பளமோ ரூபாயில். எங்கள் குழுத் தலைவரோ, நிரல் எழுத உதவும் எடிட்டரான விம் (Vim), நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் (Git) இரண்டையும் ஒழுங்காகக் கற்றுக்கொள் என்கிறார். கருவியே எழுதும் காலத்தில் இந்தப் பழைய சாமான்கள் எதற்கு?

துரைப்பாக்கம் வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் பணம். உங்கள் சம்பளம் மாதம் அறுபதாயிரம் என்று வைத்துக்கொண்டால், இருபது டாலர் ஏறக்குறைய ஐந்து மணி நேர உழைப்பு. தச்சர் உளியைத் தன் காசில் வாங்குகிறார். வேலை சீக்கிரம் முடிந்தால் அடுத்த கூலியும் அவருக்கே வருகிறது. நீங்கள் மாதச் சம்பளக்காரர். கருவியால் மிச்சமாகும் நேரம் நிறுவனத்துக்குப் போகிறது, கட்டணம் மட்டும் உங்கள் தலையிலா? நிறுவனத்திடம் கேளுங்கள். அலுவலக நிரலைச் சொந்தக் கணக்கின் வழியே வெளியே அனுப்புவது உங்கள் வேலைக்கே உலை வைக்கும். அதை இன்றே நிறுத்துங்கள்.

பழைய சாமான் என்ற சொல் எனக்கு வலித்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை உருவாக்கியவர்கள், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்க 2002 முதல் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான பிட்கீப்பர் என்ற கருவியை இலவசமாகப் பயன்படுத்தினார்கள். 2005இல் ஒரு தகராறில் அந்தச் சலுகை பறிபோனது. உலகின் மிகப் பெரிய கூட்டுமுயற்சிகளில் ஒன்று, இன்னொருவர் மனம் மாறியதால் நடுத்தெருவில் நின்றது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் உட்கார்ந்து கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட்டின் சொந்த நிரலும் கிட்டிலேயே பராமரிக்கப்பட்டது. ஜூனில் வெளிவந்த கர்னல் பதிப்பு அதைக் கொண்டே தயாரானது. இனி எவரும் பிடுங்கிக்கொள்ள முடியாத கருவி வேண்டும் என்ற தவிப்பில் பிறந்த பொருள் அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர், மின்சாரம் இல்லை, இணையம் இல்லை. நான் சந்தா கட்டி வைத்திருந்த எடிட்டர், உள்நுழைய இணையம் கேட்டு அடம்பிடித்தது. மடிக்கணினியில் மிச்சமிருந்த மின்சாரத்தில் விம்மைத் திறந்து இரண்டு மணி நேரம் வேலை செய்தேன். கிட் முழு வரலாற்றையும் நம் கணினியிலேயே வைத்திருப்பதால் பழைய பதிப்புகளைப் புரட்டவும் முடிந்தது. கருவிக்குக் கட்டும் காசைவிட, அதில் பழகிய கையின் ஆண்டுகளே பெரிய முதலீடு என்பது அன்று எனக்கு உறைத்தது.

விம்மைப் பற்றி ஒன்று. 1991இல் அதை வெளியிட்ட பிராம் மூலெனார், பயன்படுத்துவோரிடம் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுமாறு மட்டுமே கேட்டார். 2023இல் அவர் மறைந்தார். மற்றவர்கள் தொடர்ந்து அதைப் பேணுகிறார்கள்.

கருவி எழுதட்டும், தம்பி. அது எழுத எழுத நீங்கள் வாசிக்க வேண்டிய நிரல் கூடும், அதற்குள் ஒளிந்துகொள்ளும் பிழைகளும் கூடும். எனவே கிட்டில் பைசெக்ட் என்ற கட்டளையிலிருந்து தொடங்குங்கள். கிட்டில் பதிந்து வைத்த ஆயிரம் மாற்றங்களில் (கமிட்டுகளில்) பிழை எதில் நுழைந்தது என்பதை, பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய்ப் பத்துச் சோதனைகளில் பிடித்துத் தரும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் போதும்.