கை பழகும் வரை: ஓவிய, கைவினை வகுப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்னையில் பல ஆண்டுகளாக வார இறுதிகளில் பெரியவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஓவியமும் மண்வேலையும் கற்பித்து வருகிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, "எந்த வகுப்பில் சேரலாம்?" என்பதையே வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. எந்த வகுப்பானாலும் நான் முதலில் பார்ப்பது, அந்த ஒன்றரை மணி நேரத்தில் உண்மையில் வேலை செய்வது யாருடைய கை என்பதைத்தான்.

கேள்வி: எனக்கு வயது 61. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கோலம் தவிர வாழ்நாளில் எதையும் வரைந்ததில்லை. இனிமேல் ஓவியம் கற்க முடியுமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: "கோலம் தவிர" என்று ஒதுக்கிவிட்டீர்களே அம்மா, உங்கள் மூலதனமே அதுதான். நேர்ப்புள்ளிக்கும் இடுக்குப்புள்ளிக்கும் இடம் பிரித்து, வாசலின் அளவுக்கேற்ப வரிசைகளைக் கணக்கிட்டு, சிக்குக் கோலத்தின் கோடு எங்கே திரும்பி எங்கே வந்து சேரும் என்பதைக் கைக்கு முன்பாகவே கண்ணால் கண்டுகொண்டு நாற்பது ஆண்டுகள் இழுத்த ஒருவருக்கு, முதலாண்டு ஓவிய மாணவருக்கு நாங்கள் மாதக்கணக்கில் போராடிக் கற்பிக்கும் பாதி விஷயங்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. குறிப்பாக, கோலம் போடுபவர் மணிக்கட்டை மட்டும் அசைப்பதில்லை. தோளிலிருந்து முழுக் கையையும் வீசுகிறார். புதிதாக வருபவர்கள் பென்சிலைத் தேர்வு எழுதுவதுபோல் இறுக்கிப் பிடித்து, தாளின் ஒரு மூலையில் சுருங்கி வரைவதற்குக் காரணம் இந்த வீச்சு இல்லாததே.

உங்களுக்குப் புதிதாக வரவேண்டியது ஒன்றுதான்: மனத்தில் உள்ள வடிவத்தை இடுவதை விட்டு, எதிரில் உள்ள பொருளைப் பார்த்து வரைவது. ஆகவே கோட்டோவியத்திலிருந்து தொடங்கும் வகுப்பைத் தேடுங்கள்; முதல் நாளே அக்ரிலிக் வண்ணத்தையும் கேன்வாஸையும் கொடுத்து ஆசிரியரின் படத்தைப் பார்த்துத் தீட்டச் சொல்லும் வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். 2பி, 4பி, 6பி பென்சில்கள் மூன்று, சொரசொரப்பான வரைதாள் ஒரு கட்டு, வீட்டில் உள்ள ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு வெங்காயம் ஆகியவை முதல் மூன்று மாதத்துக்குப் போதும். கை சற்றுப் பழகியபின் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்துக்கு ஒரு காலை வேளையில், அனுமதி கேட்டுக்கொண்டு, சிறிய வரைபுத்தகத்துடன் செல்லுங்கள். முகத்தை வரைய முயல வேண்டாம். இடுப்பின் வளைவையும், உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதையும் மட்டும் பத்துக் கோடுகளில் பிடித்துப் பாருங்கள்.

சேருமுன் ஒரு கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். தொண்ணூறு நிமிட வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் ஆசிரியரின் கண் உங்கள் தாளில் படுவது ஆறு நிமிடம். எட்டுப் பேர் என்றால் பதினோரு நிமிடம். இந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் கட்டணம் கொடுப்பது வீண் செலவாகாது.

கேள்வி: இரண்டு நாளில் தஞ்சாவூர் ஓவியத்தை முடித்து வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம் என்று ஒரு பயிலரங்கு விளம்பரம் வந்தது. வேறோர் இடத்தில் இதையே மூன்று மாதம் என்கிறார்கள். எது சரி? (மேற்கு மாம்பலம் வாசகர்)

பதில்: இரண்டு நாளில் கையில் படம் வந்துவிடும், அதில் ஐயமில்லை. அந்தப் படத்தில் உங்கள் வேலை எவ்வளவு என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் என்பது பாதிக்குமேல் பலகை வேலை. முற்காலத்தில் பலா மரப் பலகையில் செய்ததை இன்று நீர் தாங்கும் ப்ளைவுட்டில் செய்கிறோம். அதன்மேல் துணியைச் சுருக்கமின்றி இழுத்து ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பல முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, கோட்டுருவத்தைப் பதித்து, கற்களை ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் சேர்ந்த மக்கினால் நகைகளையும் மண்டபத் தூண்களையும் புடைப்பாக எழுப்பி, அது நன்றாகக் காய்ந்தபின் தங்க ரேக்கை (மெல்லிய தங்கத் தாளை) ஒட்டி, அதற்கும் பிறகுதான் வண்ணத்தில் கை வைக்கிறோம். இவற்றில் எந்தக் கட்டத்தையும் விசிறிக் காற்றால் விரைவுபடுத்த முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையின் ஈரக்காற்றில் மக்கு காய்வதற்குச் சித்திரையில் ஆவதைப்போல் பல மடங்கு நாளாகும். ஆகவே இரண்டு நாள் பயிலரங்கில் பலகையும் கோட்டுருவமும் சில இடங்களில் மக்கு வேலையும்கூட முன்பே செய்து வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் ரேக்கு ஒட்டி வண்ணம் நிரப்புவீர்கள்.

அது ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. இந்தக் கலை தமக்குப் பிடிக்கிறதா என்று சுவைத்துப் பார்க்க விரும்புபவருக்கு இரண்டு நாள் போதும். ஆனால் அடுத்த படத்தை வீட்டில் தனியாகத் தொடங்க விரும்பினால் மூன்று மாத வகுப்பே வழி. சேருமுன் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பலகையை நான் தயாரிப்பேனா, மக்குக் கலவையை நான் குழைப்பேனா, ரேக்கு உண்மையான தங்கமா. வழக்கமாக நல்ல வேலைக்கு 22 காரட் தங்க ரேக்கு பயன்படுகிறது. பித்தளை கலந்த போலி ரேக்கு முதலில் கூடுதலாகவே மின்னும். கடற்காற்று படும் ஊரில் நாளடைவில் கறுத்துவிடும். பயிற்சிப் படத்துக்குப் போலி ரேக்கைக் கொடுப்பதில் தவறில்லை, அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கற்ற காலத்தில் சிக்கனம் பார்த்துச் சாதாரண ப்ளைவுட்டில் ஒரு நவநீத கிருஷ்ணனைச் செய்தேன். ஒரே மழைக்காலத்தில் பலகை வளைந்து, கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பானைக்குக் குறுக்கே விரிசல் ஓடியது. இன்றும் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அதை வைத்திருக்கிறேன்.

கேள்வி: என் மாமியார், நான், ஏழு வயது மகள் மூவரும் சேர்ந்து செய்யக்கூடிய வகுப்பு ஏதாவது உண்டா? (அம்பத்தூர் வாசகி)

பதில்: குடும்ப வகுப்பு என்ற பெயரில் குழந்தை செய்ய, பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து கைப்பேசி பார்க்கும் வகுப்புகளே மிகுதி. அதைவிட மோசம், அம்மாவே செய்து முடித்துக் குழந்தையின் பெயரை எழுதிக் கொடுப்பது. மூன்று தலைமுறைக்கும் பொருந்துவது, மூன்று பேருக்கும் வெவ்வேறு வேலை இருக்கும் தொழிலே. பனையோலை முடைவது அத்தகையது: ஓலையை நனைத்துச் சீராகக் கிழிப்பது பெரியவர் வேலை, முடைவது எல்லார் வேலை, கிலுகிலுப்பைக்குள் போடக் கல் பொறுக்குவது குழந்தையின் வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்னும் மரபுக் கலை, கைவினை அருங்காட்சியகத்தில் இத்தகைய கைவினைகளைக் கைவினைஞர்களிடமே உட்கார்ந்து செய்து பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் அதற்கு முன்பு உங்கள் மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: வெந்தயம் போட்டுக் காகிதக் கூடை செய்யத் தெரியுமா? அந்தத் தலைமுறையினர் பலருக்குத் தெரியும். பழைய நாளிதழ்களைக் கிழித்து ஓரிரு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்துடன் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, அந்தக் கூழைக் கவிழ்த்து வைத்த பானையின்மேல் அப்பி வெயிலில் காயவைப்பார்கள். வெந்தயத்தின் பிசுபிசுப்பே பசையாகும். அதன் கசப்பு பூச்சியையும் அண்டவிடாது என்பார்கள். கூழில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அது நஞ்சு, குழந்தை கை வைக்கும் கூழில் சேர்க்கவே கூடாது. இதில் ஆசிரியர் பாட்டி, மாணவர்கள் நீங்கள் இருவரும்.

மகளுக்கு மட்டும் தொடர்ந்த பயிற்சி வேண்டுமென்றால், தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு ஓவியமும் இசையும் நடனமும் கற்றுத் தருகிறார்கள்.

கேள்வி: களிமண் வகுப்பில் ஒரு காபிக் கோப்பை செய்தேன். வீட்டு ஓவனில் சுட்டுப் பயன்படுத்தலாமா? (நங்கநல்லூர் வாசகர்)

பதில்: கூடாது. கேக் செய்யும் ஓவன் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் பெரும்பாலும் போகாது. களிமண் தன் தன்மை மாறி, மீண்டும் நீரில் கரையாத சுட்ட மண்ணாவதற்கு ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்ட வேண்டும். நம் மண்பானைகள் பெரும்பாலும் அதற்கு மேல், 1,000 டிகிரிக்குள் சுடப்படுகின்றன. கல்மண் (ஸ்டோன்வேர்) கோப்பைகளுக்கு 1,200 டிகிரிக்கு மேல் தேவை. கடைகளில் கிடைக்கும் தானே உலரும் களிமண் அலங்காரப் பொருளுக்கு மட்டுமே உரியது; அதில் காபியை ஊற்றினால் ஊறிப்போகும்.

எனவே மண்வேலை வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சக்கரத்தைவிடச் சூளையைப் பற்றி முதலில் விசாரியுங்கள். சூளை அங்கேயே உள்ளதா, சுடும் கட்டணம் தனியா, மெருகுப் பூச்சு உணவுக்கு ஏற்றதா என்பவை முக்கியம். செய்த கோப்பை காய ஒரு வாரமாவது ஆகும். முதல் சூட்டுக்கும் பூச்சுக்குப் பிந்தைய இரண்டாம் சூட்டுக்கும் சூளை நிறையும் வரை காத்திருக்க வேண்டும். மாதம் ஒன்று கழித்துக் கைக்கு வந்தால் விரைவு என்றே கொள்ளலாம். வரும்போது அது நீங்கள் வனைந்த அளவில் இராது. பத்தில் ஒரு பங்காவது சுருங்கியிருக்கும். காபி சற்றுக் கூடுதலாகக் குடிப்பவராயின் அதற்கேற்பப் பெரிதாக வனையுங்கள்.

கேள்வி: ஓவியம் உயர்ந்ததா, கைவினை உயர்ந்ததா? என் கணவர் என் பாத்திக் (துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் வேலை) வகுப்பைக் கேலி செய்கிறார். (அண்ணாநகர் வாசகி)

பதில்: அவரை ஒரு மாலை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் அந்தக் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியம் விற்றுச் சோறு சாப்பிட முடியாது என்பதை அறிந்து, பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் ஊன்றி நின்றார்கள். அங்குள்ள ஓவியங்களுக்குப் பின்னால் மெழுகும் சாயமும் இருக்கின்றன.

கேள்வி: வகுப்பில் தரும் சான்றிதழால் ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போக முடியுமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: தனியார் வகுப்பின் சான்றிதழ் நீங்கள் வந்து கற்றதற்கு அடையாளம், அதற்கு மேல் இல்லை. வேலை நோக்கம் இருந்தால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கான லோயர், ஹையர் நிலைகளுக்குப் பயிற்சி தருகிறார்களா என்று கேளுங்கள். முழுநேரப் பட்டம் வேண்டுமானால் 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளியிலிருந்து வளர்ந்த அரசு கவின்கலைக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது.

கேள்வி: என் தந்தைக்குக் கை நடுக்கம் உண்டு. அவரை வகுப்பில் சேர்க்கலாமா? (கொளத்தூர் வாசகி)

பதில்: மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தாராளமாகச் சேர்க்கலாம். மெல்லிய தூரிகையைத் தவிர்த்து, பிடியில் துணி சுற்றிய தடித்த தூரிகை, கரித்துண்டு, களிமண் ஆகியவற்றைக் கொடுங்கள். நடுங்கும் கோட்டை நேராக்க முயலும் ஆசிரியரிடம் மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூடத்தில் மாதம் இருமுறை கைவினை வகுப்பு நடத்த நினைக்கிறோம். எவற்றைக் கவனிக்க வேண்டும்? (பெருங்குடி வாசகர்)

பதில்: முதலில் சாக்கடைக் குழாய். களிமண் கையைத் தொட்டியில் கழுவினால் மூன்றே வகுப்புகளில் அடைப்பு வரும். அதன்பின் சங்கக் கூட்டத்தில் கலைக்கு ஆதரவாக ஒருவரும் பேச மாட்டார்கள். இரண்டு வாளிகளில் நீர் வைத்து அதிலேயே கழுவச் செய்து, இரவு முழுவதும் தெளியவிட்டு, தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடிமண்ணை மீண்டும் பயன்படுத்துங்கள். காய்ந்த மண் தூளைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். அதில் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே முறை.

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிய கைவினை என்று திட்டமிடுவது சங்கங்கள் வழக்கமாகச் செய்யும் பிழை; ஆண்டு முடிவில் எல்லார் வீட்டிலும் இருபத்துநான்கு அரைகுறைப் பொருட்கள் இருக்கும். ஒரே கைவினையை ஆறு அமர்வுகளாவது தொடருங்கள். பொருட்செலவையும் ஆசிரியர் ஊதியத்தையும் தனித்தனியாக வசூலியுங்கள். தாள், அட்டை வகைகளைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கினால் செலவு குறையும்.

மரபுக் கைவினைஞரை அழைப்பதாயின் அவர் இழக்கும் ஒரு நாள் கூலி, போக்குவரத்துச் செலவு, கற்பிக்கும் ஊதியம் மூன்றையும் கணக்கிட்டுக் கொடுங்கள்; "உங்களுக்கு விளம்பரம் கிடைக்குமே" என்ற பேச்சு வேண்டாம். காலமும் பார்க்க வேண்டும். விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போதுதான் எல்லாருக்கும் களிமண் பிள்ளையார் வகுப்பு நினைவுக்கு வருகிறது. புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையில் மண் பிசையும் குடும்பங்களுக்கு அப்போது மூச்சுவிட நேரம் இராது. அது முடிந்த கையோடு நவராத்திரிக்குக் கொலு பொம்மை வேலை தொடங்கிவிடும். தை, மாசியில் போய்க் கேளுங்கள், நிதானமாக வந்து கற்பிப்பார்கள்; அப்போது கற்ற கையோடு ஆவணியில் உங்கள் பிள்ளையாரை நீங்களே பிடித்துக்கொள்ளலாம்.