வெள்ளவத்தையிலிருந்து சைக்கிளில் குளக்கரைப் பக்கம்: எந்தப் பாதை, எந்த நேரம், எத்தனை காற்று?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 44. அண்மையில் 25 மில்லிமீற்றர் டயர் போட்ட ரேசிங் சைக்கிள் ஒன்று வாங்கினேன். காலி வீதியில் இறங்கப் பயம். மரைன் டிரைவில் போய்ப் போய் அலுத்துவிட்டது. பெரிய ஏற்றம் இல்லாத, குளமும் மரநிழலும் உள்ள, 30 முதல் 40 கி.மீ. வரையான பாதை இருக்கிறதா? ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். 16 வயது மகளும் சில நாட்களில் கூட வருவாள்.

பதில்: இருக்கிறது, தூரமும் இல்லை. கொழும்பு சதுப்பு நிலத்தின் நடுவே எழுந்த ஊர். 2018இல் ராம்சார் (ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை முதன்முதலாகப் பெற்ற நகரங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பாதை தேடுகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, இந்த நீர் வீதிகளை என்ன செய்கிறது என்பதை. சதுப்பில் நினைத்த இடமெல்லாம் வீதி போட முடியாது. ஆகவே நீரைக் கடக்கும் பாலங்கள் சில மட்டுமே, எல்லா வாகனமும் அவற்றிலேதான் வந்து குவியும். நீரின் ஒரே கரையோடு போகும் ஒழுங்கைகளோ வேறெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காததால் வெறிச்சோடிக் கிடக்கும். பாலங்களை விடியுமுன் கடந்துவிட்டு, மிச்ச நேரத்தைக் கரையோர ஒழுங்கைகளில் கழிப்பதே நல்ல திட்டம்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு வீதியில் பஸ் இலக்கம் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், வரைபடத்தில் எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும் அது அமைதியான வீதி அல்ல. தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி வந்து, ஆளைக் கண்டதும் இடப்பக்கம் வெட்டி நிற்கும். சைக்கிள்காரரின் இடமும் அந்த இடப்பக்கம்தான்.

தியவன்னா – தலங்கம வட்டம்

உங்களுக்குப் பொருத்தமானது இது. வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனை, நாவல, ராஜகிரிய வழியாகப் பத்தரமுல்லை பொல்துவ சந்திக்கு வாருங்கள். ஏறத்தாழ 9 கி.மீ. அங்கிருந்து பாராளுமன்றப் பக்கம் திரும்பி, தியவன்னா ஓயாவை ஒட்டிக் கிம்புலாவல, அடுத்துத் தலவத்துகொட. பிறகு ஹோகந்தரப் பக்கமாகப் போய்த் தலங்கம குளக்கட்டில் ஏறி, அகுரேகொட, பெலவத்த வழியாகத் திரும்பப் பொல்துவ. இந்த வட்டம் மட்டும் 13 முதல் 15 கி.மீ. வரும். வீட்டிலிருந்து வீட்டுக்கு ஏறக்குறைய 32 கி.மீ. மணிக்கு 16 கி.மீ. என்ற சாவகாசமான வேகத்தில் இரண்டு மணித்தியாலம். குளத்தங்கரையில் அரை மணி நின்றாலும் எட்டரைக்குள் வீட்டில் இருக்கலாம்.

முழுக்கச் சமதரை என்று சொல்ல முடியாது. தலவத்துகொடைக்கும் ஹோகந்தரைக்கும் இடையில் வயலிலிருந்து மேட்டுக்கும் மேட்டிலிருந்து வயலுக்குமாகச் சிறு ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஏற்றம் தொடங்குமுன்னே கியரைக் குறைத்துவிடுங்கள். நடுவில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நழுவும்.

தலங்கம குளமே இந்தப் பாதையின் பரிசு. வயல், குளம், மரத்தோட்டம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் அந்தப் பகுதி சுற்றாடல் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நீலத் தாழைக்கோழியும் நாரையும் கட்டிலிருந்தே தெரியும். கரை மரங்களில் ஊதாமுக மந்தி தாவும். குளக்கட்டு வீதி ஒடுக்கமானது, ஒரு வாகனம் வந்தாலே ஒதுங்க வேண்டும். இங்கே வேகம் காட்டுவது வீண். காலையில் வெயில் காய வரும் கபரகொய்யா (நீர் உடும்பு) வீதியின் குறுக்கே கிடக்கும். அது ஒதுங்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள், கடைசி நொடியில் எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது.

பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களைப் பார்க்க விரும்பினால் அதை இன்னொரு நாளைக்கு வையுங்கள். உள்ளே இருப்பவை நடப்பதற்கான மரப்பாலங்களும் நடைபாதைகளும். பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள நடைபாதையும் நடப்போருக்குத்தான், நீங்கள் வீதியில் போங்கள். பாராளுமன்றம் கூடும் நாட்களிலும் ஆர்ப்பாட்டம் நடக்கும் நாட்களிலும் வீதி மூடப்படலாம். அகுரேகொடவில் பாதுகாப்புத் தலைமையகத்தின் முன்னால் படம் எடுக்க வேண்டாம்.

நாள், நேரம்

ஞாயிறும் போயாவும். சனிக்கிழமை பாதி வேலைநாள் மாதிரிதான். வீட்டை விட்டு ஐந்தரைக்குப் புறப்படுங்கள். கொழும்பில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.50க்கும் 6.25க்கும் இடையில்தான் ஆடுகிறது. ஆகவே முதல் அரைமணி இருட்டு: முன்னுக்கு வெள்ளை விளக்கு, பின்னுக்குச் சிவப்பு விளக்கு, இரண்டும் கட்டாயம். ஞாயிறு ஏழுக்குப் பின் அறநெறிப் பாடசாலைக்கும் டியூஷனுக்கும் பிள்ளைகளை ஏற்றும் வான்கள் கிளம்பும், விகாரைகளின் முன்னால் வீதி அடைபடும். போயாவில் அந்த வான்கள் இல்லை, ஆனால் பெரிய விகாரைகளைச் சுற்றி விடியற்காலையிலேயே கூட்டம். வெசாக் வாரத்தில் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டுத் தோரணம் பார்க்கப் போங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் பிற்பகல் இடியோடு வரும். காலை உங்களுக்குக் கிடைக்கும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. இரவு பலத்த மழை பெய்திருந்தால் கோட்டே, தலவத்துகொடைப் பகுதிகளின் தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் நிற்கும். ஆழம் அரைச் சில்லுக்கும் குறைவு என்று தோன்றினாலும் இறங்காதீர்கள். வடிகான் மூடி பெயர்ந்திருந்தால் மேலிருந்து தெரியாது. காலில் கீறல் இருக்கையில் வயல் தண்ணீரில் கால் கழுவுவதும் வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

டயர்தான் பாதி பிரச்சினை

பிரதான வீதி காபட். ஒழுங்கைகள் கொங்கிறீட், இன்டர்லொக் கல், சில இடங்களில் கிறவல். 25 மி.மீ. டயர் இவற்றில் ஓடும், ஆனால் கையும் முதுகும் நோகும், பள்ளத்தில் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசிந்து பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். பிரேம், போர்க், பிரேக் எங்கும் டயரைச் சுற்றி 4 மி.மீ. இடைவெளி மிஞ்சுமானால் 28க்கு மாறுங்கள். இடம் இருந்தால் 32 இன்னும் நல்லது. வேகம் குறைந்துவிடும் என்ற பயம் இந்த வீதிகளில் தேவையில்லை.

70 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தொடக்கக் காற்றழுத்தம்: 25 மி.மீ. என்றால் முன்னுக்கு 80, பின்னுக்கு 88 பி.எஸ்.ஐ. 28 என்றால் 68, 75. 32 என்றால் 52, 58. மகளின் எடை குறைவாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 வரை குறையுங்கள். ஈர வீதியில் இன்னும் ஓர் ஐந்து. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கே காற்றடிப்பது நம்மவர் வழக்கம். கல்லு மாதிரி இறுகிய டயர் கொங்கிறீட்டில் துள்ளும், மழையில் வழுக்கும்.

ரேசிங் சைக்கிளின் டியூபில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. சந்திச் சைக்கிள் கடையின் பம்பும் பெற்றோல் நிரப்பு நிலையத்தின் குழாயும் அதற்குப் பொருந்தா. விரல் நுனியளவு பித்தளை அடப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வைத்தால் ஞாயிறு காலை நடுவழியில் நிற்கத் தேவையில்லை. அதோடு டியூப் இரண்டு, டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு, 4, 5, 6 மி.மீ. அலன் சாவி. பஞ்சர் ஆனதும் புது டியூபைப் போட அவசரப்படாதீர்கள். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளையோ கம்பித் துண்டையோ கண்டுபிடித்து எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கிலோமீற்றரில் அதுவும் போகும்.

வெள்ளவத்தையிலிருந்து கிழக்கே எந்த வழியால் போனாலும் களனிவெளி ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சரிவாகப் போனால் மெல்லிய டயர் பள்ளத்தில் இறங்கி ஆளைத் தூக்கிப்போடும், மழையில் இரும்பு சவர்க்காரம்தான். சாய்ந்த கடவையென்றால் பின்னால் பார்த்து, கை காட்டி, சற்று அகலமாக வந்து நேராகத் தாண்டுங்கள். வீதிக்கு இணையாகக் கம்பி போட்ட வடிகான் மூடிகளும் இதே வேலையைச் செய்யும்.

தெருநாய்களைப் பற்றிச் சுருக்கமாக. வேகம் எடுத்துத் தப்ப முயன்றால் துரத்தல் கூடும். நிறுத்தி இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உரத்த குரலில் அதட்டி மெதுவாக நடங்கள். பல் பட்டால் 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் நாளில் ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் தூள்). ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் என்ற அளவை மாற்றக் கூடாது.

ஹமில்டன் கால்வாய்ப் பக்கம்

ஒரு மேடும் இல்லாத பாதை வேண்டுமென்றால் வடக்கே போங்கள். மட்டக்குளிப் பாலத்தால் களனி கங்கையைக் கடந்தால் ஹெந்தளை, அப்பால் உஸ்வெட்டகெய்யாவ, பமுணுகம. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆங்கிலேயர் 1802 முதல் 1804 வரை வெட்டிய 14.5 கி.மீ. கால்வாய், அதற்கு அப்பால் முத்துராஜவெல சதுப்பும் கண்டலும். பாலத்திலிருந்து பமுணுகம போய்த் திரும்ப 25 கி.மீ. அளவில் வரும். வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி வரை துறைமுக லொறிகளின் ஊடே ஓட்டுவது வீண் ஆபத்து, வானில் ஏற்றிச் செல்லுங்கள்.

இந்தக் கரை கத்தோலிக்கக் கரை. ஞாயிறு காலை ஒவ்வொரு கோவில் வாசலிலும் பூசைக்கு வரும் வாகனங்கள். ஆகவே இங்கே போயாவே நல்லது. தென்மேல் பருவத்தில் போகும்போது காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போகும் வழியில் பாதிப் பலத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். வீடு வந்ததும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, காய்ந்த பின் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தூசியோடு சேர்ந்து பசையாகும். திரும்புவதற்கு நீர்கொழும்புப் பிரதான வீதி வேண்டாம். கட்டுநாயக்க அதிவேக வீதியில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. போன வழியே வாருங்கள்.

பொல்கொடை வாவியைப் பலரும் சொல்வார்கள். வாவி அழகு, ஆனால் அங்கு போகும் பொரலஸ்கமுவ–பிலியந்தலை வீதி 120ஆம் இலக்க பஸ்ஸின் வீதி. தொடங்குபவருக்கு ஏற்றதல்ல.

காடும் பெருங்குளமும் வேண்டுமென்றால்

அதற்கு உலர் வலயம்தான். பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தின் கட்டு 14 கி.மீ. அளவு நீளம். மன்னார்ப் பக்கம் முருங்கனுக்கு அருகே கட்டுக்கரைக் குளம், சுற்றிலும் தட்டையான வயல். கட்டில் நிழல் கிடையாது, ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். மன்னாரில் தென்மேல் பருவக் காற்று மிகக் கடுமை, அந்த மாதங்களைத் தவிருங்கள்.

ஹபரணை – மின்னேரியா வீதி போன்ற காட்டு வீதிகளில் யானையின் நேரம் வேறு. கொழும்பில் பழகிய ஐந்தரைப் புறப்பாடு அங்கே கூடாது. நன்றாக விடிந்த பின் ஏறி, மாலை நாலரைக்குள் இறங்கிவிடுங்கள். வீதியோரம் புதிய சாணமோ முறிந்த கிளையோ கண்டால், பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் கடவுங்கள். யானை தெரிந்தால் நூறு மீற்றருக்கு முன்னரே திரும்ப வேண்டும், மணி அடிக்க வேண்டாம். தேசிய பூங்காக்களுக்குள் சைக்கிள் எடுத்துப் போக முடியாது.

அவ்வளவு தூரம் வானிலோ பஸ்ஸிலோ சைக்கிளை ஏற்றும்போது அடிபடுவது பின் கியர் தொங்கும் சிறு அலுமினியத் துண்டு. ஏற்றுமுன் செயினைப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள், கியர் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். முன்சில்லைக் கழற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, மேலே எதையும் அடுக்கவிடாதீர்கள். இறக்கியதும் சில்லைக் கையால் சுற்றி எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அந்தத் துண்டு வளைந்திருந்தால் பெரிய பல்லுக்கு மாறும்போது கியர் சில்லுக் கம்பிக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த நாளில் அந்தக் கடைசிக் கியரைத் தொடாமல் ஓட்டுங்கள்.